இலங்கைக்குச் சுற்றுலா கூட்டிப் போகும் வேலூர்க்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம், ஆரணி என்று நம் பழைய வட ஆற்காடு ஜில்லா முழுக்க ஆள் சேர்த்து இலங்கைக்குக் கூட்டிப் போகும் அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் நோட்டீஸ்களில் மலைநாட்டுக்கு ஒதுக்குவது ஒன்றரை நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். கண்டியில் ஒரு ராத்திரி, நுவரெலியாவில் ஒரு ராத்திரி, நடுவில் ஒரு தேயிலை ஃபேக்டரி, இறம்பொடையில் அனுமார் கோயில், சீத்தா எலியவில் சீதையம்மன் கோயில், அப்புறம் கீழே இறங்கிக் கொழும்பில் கடைத்தெரு, விமானம். வேறு ஊர்க்காரர்கள் இப்படிப் போய்வந்தால் எனக்கு ஒன்றுமில்லை. வேலூர்க்காரர்களை இப்படிக் கூட்டிப் போகாதீர்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது. அந்த மலைநாட்டின் கடைசி ராஜா கண்ணை மூடியது நம் ஊரில். அந்த மலையில் காப்பியும் தேயிலையும் நட்ட கைகளில் நம் ஜில்லாக் கைகளும் இருந்தன. இந்த இரண்டில் ஒன்றையாவது உங்கள் பஸ்ஸில் மைக்கைப் பிடித்து யாராவது சொல்லி நான் கேட்டதில்லை, போய்வந்தவர்களிடம் விசாரித்துப் பார்த்தாலும் யாரும் சொன்னதாகத் தெரியவில்லை.

ராஜாவிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன். இயற்பெயர் கண்ணுசாமி, நாயக்கர் வம்சம். 1798இல் பதினெட்டு வயதில் கண்டிச் சிம்மாசனம் ஏறியவர். 1815 பிப்ரவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், மார்ச் 2ஆம் தேதி கண்டிப் பிரதானிகளோடு ஒப்பந்தம் போட்டு ராஜ்ஜியத்தை எடுத்துக்கொண்டார்கள். அடுத்த வருஷமே அவரையும் குடும்பத்தையும் கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து நம் கோட்டைக்குள் வைத்தார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால், 1806இல் சிப்பாய்கள் எழுந்தபோது, திப்பு சுல்தானின் பிள்ளைகள் அதே கோட்டையில்தான் காவலில் இருந்தார்கள், புரட்சிக்குப் பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோட்டைக்கு அடுத்து வந்த ராஜ குடும்பம் இது. பதினாறு வருஷம் இங்கேயே இருந்து 1832 ஜனவரி 30ஆம் தேதி இறந்தார். பாலாற்றங்கரையில் முத்து மண்டபம் என்று இருக்கிறதே, அதுதான் அவர் அடக்கமான இடம். மண்டபத்தை 1990இல் தமிழக அரசு கட்டியது. அவருடைய குடும்பத்தார் சிலரும் அங்கேதான் அடக்கமாகியிருக்கிறார்கள். கோட்டைக்குள் இன்றும் ஒரு கட்டடத்துக்குக் கண்டி மகால் என்றுதான் பெயர்.

இப்போது கண்டிக்கு வாருங்கள். புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகைக்கு முன்னால் எண்கோணமாக ஒரு மண்டபம் நிற்கிறது, பத்திரிப்புவ என்பார்கள். நம் ஆட்கள் எல்லாரும் அதற்கு முன்னால் நின்றுதான் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். கட்டியது அந்த ராஜா. எதிரே விரிந்து கிடக்கும் ஏரியும் அவர் வெட்டியது, 1807இல் தொடங்கிய வேலை, நடுவில் ஒரு சின்னத் தீவு. ஏரிக்கரையில் மேகம் போல வளைந்து வளைந்து ஓடும் சுவரும் அவர் காலத்தது. தினமும் பாலாற்றுப் பாலத்தில் போய்வருகிற மனுஷன், அந்த ஏரிக்கரையில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டுவிட்டு, இதை வெட்டிய ஆள் நம் பாலத்துக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறான் என்பது தெரியாமலே பஸ் ஏறுகிறான். எனக்கு அது மனசு கேட்கவில்லை.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தமிழ் பேசிய ராஜா என்று சொல்லி அவரைத் தெய்வமாக்கிக் காட்ட வேண்டாம். சிங்களப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற விக்கிரம ராஜசிங்கன் வேறு ஆள். எஹலேபொல என்கிற பிரதானி ஆங்கிலேயர் பக்கம் போய்விட்டார் என்று 1814இல் அவருடைய மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல வைத்த ராஜா அவர். அந்தக் குழந்தைகளில் ஒருவனான மத்தும பண்டாரவை அங்கே வீரச் சிறுவனாகக் கும்பிடுகிறார்கள். ஏரி வேலைக்கு ஜனங்களை வருத்தியதாகவும் சொல்கிறார்கள். இதெல்லாம் தெரியாமல் கண்டியில் நின்றுகொண்டு 'எங்க ராஜா' என்று சத்தம் போட்டால் பக்கத்தில் நிற்கிறவர்களுக்கு நோகும். நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கள், நம் ஜனங்களுக்குப் புரியும்.

அதனால் என் முதல் வேண்டுகோள், பயணத்தை முத்து மண்டபத்திலிருந்து தொடங்குங்கள். எப்படியும் ராத்திரி பஸ்ஸில்தான் சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்புகிறீர்கள், அன்று சாயங்காலம் அரைமணி நேரம் அங்கே கூட்டிப் போனால் போதும். செலவு எதுவும் கிடையாது. திறந்திருக்கும் நேரத்தை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கண்டிக் கோயில்களைப் பற்றி. தலதா மாளிகையைப் பார்த்துவிட்டு நேரே ஹோட்டலுக்குத் திரும்பிவிடுகிறோம். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் நாத தேவாலயம், விஷ்ணு தேவாலயம், பத்தினி தேவாலயம் என்று வரிசையாக இருக்கின்றன. தெய்வங்களுக்கான கோயிலை அங்கே தேவாலயம் என்பார்கள். பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான். சிங்களவர்கள் கண்ணகிக்கு விளக்கேற்றிக் கும்பிடுவதை அங்கே கண்ணால் பார்க்கலாம். கதிர்காமத் தேவாலயம் கொஞ்சம் தள்ளி ஊருக்குள் இருக்கிறது, முருகன். கண்டியின் பெரிய திருவிழாவான எசல பெரஹராவில் புத்தரின் பல்லுக்கான பேழையைச் சுமக்கும் யானை ஊர்வலத்துக்குப் பின்னால் இந்த நாலு தேவாலயங்களின் ஊர்வலமும் வரும். பல்லை அந்த ஊர்வலத்தில் சேர்த்தது கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், அவரும் நாயக்கர் வம்சம்தான். பெரஹரா ஜூலை ஆகஸ்டில் வரும், அந்த நாட்களில் ரூம் கிடைப்பது கஷ்டம் என்பது உங்களுக்கே தெரியும்.

தோளும் முழங்காலும் மூடிய உடை என்பதை நோட்டீஸிலேயே போட்டுவிடுங்கள். வாசலில் வந்து நின்றபிறகு சொல்வதால் வயசானவர்கள் துண்டுக்கு அலைகிறார்கள். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுக்கக் கூடாது என்பதையும் பஸ்ஸிலேயே சொல்லிவிட வேண்டும். அங்கே அது பெரிய அவமரியாதை, போலீஸ் வரைக்கும் போகும்.

பேராதனைத் தோட்டத்துக்கு நீங்கள் தருவது முக்கால் மணி நேரம். 147 ஏக்கர் அண்ணே அது! மகாவலி ஆறு மூன்று பக்கமும் சுற்றி ஓடுகிறது, ராஜாக்கள் காலத்திலிருந்தே தோட்டம், தாவரவியல் தோட்டமாக ஆனது 1821இல். உள்ளே போனவுடன் ஆர்க்கிட் வீட்டைக் காட்டி, பனைமர வரிசையில் ஒரு குரூப் போட்டோ எடுத்து வெளியே தள்ளிவிடுகிறீர்கள். 1901இல் பிற்பாடு ஐந்தாம் ஜார்ஜ் ஆன இளவரசர் வந்து நட்ட நாகலிங்க மரம் அங்கே இருக்கிறது, காய் பாரத்தில் கிளை வளைந்து நிற்கும். நம் சிவன் கோயில்களில் பூத்துக் கிடக்கிற அதே நாகலிங்கம். ஒரே மரம் மைதானம் போலப் படர்ந்து கிடக்கிற அத்திமரம் ஒன்று, தலைக்கு மேல் துணி காயப்போட்ட மாதிரி தொங்கும் வௌவால்கள், யானைக்கால் கனத்தில் மூங்கில் புதர். வயசானவர்கள் நடக்க முடியாது என்பீர்கள். நடக்க முடியாதவர்கள் அந்த மரத்தடியில் உட்காரட்டுமே! எங்கள் குழுவில் வந்த ஒரு பாட்டி ஃபேக்டரியையும் பார்க்கவில்லை, கடையையும் பார்க்கவில்லை, அந்தத் தோட்டத்தில் புல்லில் உட்கார்ந்திருந்ததைத்தான் வந்து ஊரெல்லாம் சொன்னார். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் போய் மூன்று மணி நேரம் விடுங்கள்.

அந்த நேரத்துக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். மசாலாத் தோட்டம் என்று ஒன்றில் இறக்கி, மூலிகை எண்ணெயை முழங்காலில் தேய்த்துக்காட்டி, ஆயிரக்கணக்கில் விற்கிறார்களே, அந்த நேரத்தை எடுங்கள். ரத்தினக் கல் கடையில் ஒன்றரை மணி நேரம் ஏசியில் உட்கார வைக்கிறார்களே, அதையும் எடுங்கள். உங்களுக்கு அதில் கமிஷன் வரும், தொழில் நடக்க வேண்டும், எனக்குப் புரிகிறது. அந்தக் காசைக் கட்டணத்திலேயே சேர்த்துக் கேளுங்கள், தருகிறோம்.

இனி தேயிலை. இங்கேதான் எனக்கு ஆதங்கம் அதிகம்.

ஃபேக்டரியில் சொல்லித் தருவது எல்லாம் சரிதான். கொழுந்தை வாட்டுவது, உருட்டுவது, நிறம் மாற விடுவது, காய வைப்பது, சலித்துத் தரம் பிரிப்பது, ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்று கணக்குச் சொல்வது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டார் என்பதையும் சொல்கிறார்கள். 1869இல் வந்த இலைத்துரு நோயில் காப்பி அழிந்து தேயிலை மலையைப் பிடித்தது என்பதுவரை சொல்வார்கள். டெய்லர் துரை கையால் குழி வெட்டவில்லை அண்ணே. குழி வெட்டியது யார் என்று யாரும் சொல்வதில்லை.

1820களில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் கொண்டுபோனதில் தொடங்கியது அந்தக் கதை. திருச்சி, மதுரை, சேலம், தஞ்சாவூர், ராமநாதபுரம், புதுக்கோட்டை, அப்புறம் நம் வட ஆற்காடு. மழை பொய்த்த வருஷங்களில் கங்காணி ஊருக்குள் வந்து முன்பணம் கொடுத்து ஆள் சேர்ப்பான், அந்த முன்பணமே கழுத்துக் கயிறாகும். கடலைத் தாண்டி மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியாக நடந்தே மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். எங்கள் ஆயா சொல்லும், அவங்க சின்ன தாத்தா ஒருத்தர் கண்டிச் சீமைக்குப் போனார், ஒரு கடுதாசி வந்தது, அதோடு சரி என்று. நம் பக்கத்துக் கிராமங்களில் பெரியவர்களைக் கேட்டால் இப்படி ஒரு கதை வரும்.

2023இல் மலையக மக்கள், அதாவது அப்படிப் போனவர்களின் வழிவந்த தமிழர்கள், தங்கள் 200 வருஷத்தை நினைவுகூர்ந்து அதே மன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தார்கள். நம் ஊரில் இது எத்தனை பேருக்குத் தெரியும்?

இலங்கைக்குச் சுதந்திரம் வந்த 1948லேயே குடியுரிமைச் சட்டம் போட்டு அந்த ஜனங்களை எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவர்களாக ஆக்கினார்கள். 1964இல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று பிரித்தார்கள். அந்த மீதியை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் கணக்கில்லை. கூடலூரிலும் கோத்தகிரியிலும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கொடுத்து இறக்கிவிட்டார்களே, அவர்கள் அப்படி வந்தவர்கள்தான். இலங்கையிலேயே தங்கியவர்களில் எஞ்சியவர்களின் குடியுரிமைச் சிக்கல் 2003இல் வந்த சட்டத்தில்தான் தீர்ந்தது. நாள் சம்பளம் ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருஷக்கணக்கில் போராடி அது கிடைத்தது 2021இல், அதுவும் இலங்கை ரூபாய்.

நாங்கள் போனபோது நுவரெலியாவுக்கு ஏறுகிற வழியில் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார்கள். ரோட்டோரத்திலேயே கொழுந்து மடுவம், பறித்த கொழுந்தை நிறுக்கும் கொட்டகை, நிறுவை நடந்துகொண்டிருந்தது. ஐம்பது தாண்டிய ஒரு அம்மா, நெற்றியில் கயிறு அழுத்திய தடம் அப்படியே இருக்கிறது, விரல் இடுக்கெல்லாம் தேயிலைக் கறை ஏறிக் கறுத்துப்போய், எந்தச் சோப்புக்கும் போகாத கறுப்பு. சாக்கைத் தராசில் மாட்டிவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். கணக்கப்பிள்ளை ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று கழித்துவிட்டுத்தான் எழுதினார். பல தோட்டங்களில் 18 கிலோ வரை பறித்தால்தான் ஒரு பேர், குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம். அவர் எழுதி முடித்த பிறகுதான் அந்த அம்மா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"இந்தியாவா? எந்தப் பக்கம்?"

"வேலூருங்கம்மா. ஆற்காட்டுக்குப் பக்கத்துல."

"ஆற்காடா? எங்க அப்பாவோட தாத்தா ஆற்காட்டுப் பக்கம்னுதான் சொல்லுவாங்க. ஊர் பேரு தெரியல. அங்க இப்ப மழை இருக்கா?"

இருக்கிறது என்றேன். ஏரி எல்லாம் நிரம்புகிறதா என்று கேட்டார். மேலே பேசுவதற்குள் கைடு ஹாரன் அடிக்கச் சொல்லிவிட்டார், ஃபேக்டரிக்கு நேரமாகிறதாம். ஏறிவிட்டோம். ஃபேக்டரியில் தூள் விற்கும் கவுண்டரில் முக்கால் மணி நேரம் நிற்க எங்களுக்கு நேரம் இருந்தது.

எனக்கு வேண்டியது அந்த முக்கால் மணி நேரம்தான். ஒரு தோட்டத்தில் அனுமதி வாங்கி, அங்கேயே பிறந்து வளர்ந்த மலையகத் தமிழர் ஒருவரைக் கைடாக வைத்து, நம் ஆட்களை உட்கார்ந்து பேச விடுங்கள். படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகள் அங்கே நிறையப் பேர், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் பேசுவார்கள். கொழும்பிலிருந்து வருகிற கைடுக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நாளைக்கு அவர்களுக்குக் கொடுத்தால் அந்த வீட்டில் அடுப்பெரியும். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயம் என்கிற வரிசை வீட்டில், 10க்கு 12 அடி அறையில் ஒரு குடும்பமே இருப்பதைப் பார்த்தால்தான் நம் ஜனங்களுக்குப் பிடிபடும். ஆனால் வேடிக்கை பார்க்கிற மாதிரி உள்ளே எட்டிப் பார்க்க விடாதீர்கள். கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு போட்டோ எடுப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். கொழுந்து பறிக்கிறவர் கிலோவுக்காக ஓடுகிற நேரம் அது. போட்டோ வேண்டுமானால் கேட்டுவிட்டு எடுக்கட்டும், அவர் பெயரையும் கேட்கட்டும்.

கூத்தைப் பற்றிச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. செய்யாறு, ஆரணி, திருவண்ணாமலைப் பக்கம் பாரதம் வைத்தால் அருச்சுனன் தபசு மரம் ஏறுவான் இல்லையா, மலையகத்துத் தோட்டங்களிலும் அருச்சுனன் தபசு ஆடுகிறார்கள். காமன் கூத்தும் பொன்னர் சங்கரும் உண்டு. பஞ்சம் பிழைக்கப் போனவர்கள் கையில் ஒன்றும் இல்லாமல் போனார்கள், கூத்து மட்டும் நெஞ்சில் இருந்தது. மாசி மாதத்தில் போகிற குழு ஏதாவது இருந்தால் காமன் கூத்து எந்தத் தோட்டத்தில் நடக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள். மாத்தளை முத்துமாரியம்மனுக்கு மாசி மகத்தில் ஐந்து தேர் ஓடும். நடந்து வந்த ஜனம் முதலில் மூச்சு வாங்கிய ஊர் மாத்தளை, கண்டியிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது, அதையும் உங்கள் நோட்டீஸில் நான் பார்த்ததில்லை.

சீதையம்மன் கோயிலையும் அனுமார் கோயிலையும் விடச் சொல்லவில்லை. 2024 மே மாதம் சீத்தா எலியவில் கும்பாபிஷேகம் ஆன பிறகு கோயில் நன்றாகவே இருக்கிறது, ஓடைக்கரையில் நின்றால் நேரம் போவது தெரியாது. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான் ஹக்கல தோட்டம், 1861இல் மலேரியாவுக்கு மருந்தாகும் சிங்கோனா மரம் வளர்த்துப் பார்க்கத் தொடங்கிய இடம், ரோஜா அருமையாக இருக்கும். இரண்டையும் சேர்த்தே பார்த்துவிடலாம்.

மழை விஷயத்தில் கவனமாக இருங்கள். அக்டோபர் நவம்பரில் மலைச் சரிவுகளில் மண் இறங்கும். 2014 அக்டோபர் 29ஆம் தேதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு ஜனங்களை மண் மூடியது. தீபாவளி லீவு கிடைக்கிறது என்று அந்த நேரத்தில் பயணம் போடாதீர்கள். ஜனவரியிலிருந்து மார்ச் வரை நல்லது, ஏப்ரலில் நுவரெலியாவில் கூட்டம் தாங்காது. வேலூர் வெயிலில் வளர்ந்தவர்களுக்கு 1,868 மீட்டர் உயரத்துக் குளிர் தெரியாது, ஸ்வெட்டர் கட்டாயம் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். வளைவு வளைவாக ஏறும்போது வாந்தி எடுப்பவர்களுக்கு முன் சீட் கொடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நல்ல கழிப்பறை உள்ள இடத்தில் நிறுத்துங்கள், பெண்கள் இதை வாய்விட்டுக் கேட்கத் தயங்குகிறார்கள்.

ஆக, மலைநாட்டுக்கு இன்னும் ஒரு முழு நாள் வேண்டும். தை மாதப் பயணத்துக்கு இப்போதே ஆள் சேர்க்கிறீர்கள் என்று தெரியும். அந்த ஒரு நாளைக் கூட்டுகிறவர் யாராக இருந்தாலும் எங்கள் தெருவிலிருந்தும் சொந்தத்திலிருந்தும் நானே ஆள் சேர்த்துத் தருகிறேன். முத்து மண்டபத்தில் நின்று ராஜா கதையைச் சொல்ல ஆள் இல்லை என்றால் நான் வந்து சொல்கிறேன், அதற்குக் காசு வேண்டாம். கூடுதல் நாளுக்கான ரூம், சாப்பாடு, தோட்டத்துக் கைடின் சம்பளம் எல்லாவற்றையும் சேர்த்து முதலிலேயே ஒரு தொகையாகச் சொல்லிவிடுங்கள், அங்கே போன பிறகு பஸ்ஸில் வசூல் பண்ண வேண்டாம்.